கணக்கு, டேட்டா ஆராய்ச்சி வேலை: போர்ட்டலா, நேரா மெயிலா, ஃபெல்லோஷிப்பா, லேப் வேலையா?

"இப்ப ஏப்ரல். நவம்பர்ல தீசிஸ் சப்மிட் பண்றேன். டோபாலஜில ஆரம்பிச்சு கடைசி ரெண்டு வருஷமா டேட்டா பக்கம் கை வச்சிருக்கேன். எங்க தேடுறதுன்னே தெரியல, எல்லாரும் ஒண்ணொண்ணு சொல்றாங்க." இந்த மாதிரி கேள்வி இந்த சீசன்ல மட்டும் எனக்கு நாலு வந்துடுச்சு. நாலு பேருமே "நான் மேத்ஸ் ஆளா, டேட்டா ஆளா"ன்னு மண்டைய ஒடச்சிட்டு இருக்காங்க, ஆனா நான் பாத்த வரைக்கும் வேலை கெடைக்கறதும் கெடைக்காததும் அதை வச்சு முடிவாகறதில்ல. கையில எத்தனை மாசம் இருக்கு, உங்களுக்காக பரிந்துரை லெட்டர் எழுத யாரு இருக்காங்க, இந்த ரெண்டும்தான் பாதிக்கு மேல முடிவு பண்ணுது. அதனால மொதல்ல எதை வச்சு அளக்கறதுன்னு சொல்லிட்டு அப்புறம் ஒவ்வொரு வழியா வர்றேன்.

எதை வச்சு அளக்கறது

மொதல் அளவு காலண்டர். கணக்குல போஸ்ட்டாக் (பிஹெச்டி முடிச்சதும் செய்யற தற்காலிக ஆராய்ச்சி) வேலைக்கு அப்ளை பண்றதுக்கும் சேர்றதுக்கும் நடுவுல பத்து மாசம்லாம் சாதாரணம், லேப் வேலைல அதே விஷயம் ஆறு வாரத்துல முடிஞ்சிடும்.

ரெண்டாவது லெட்டர். உங்க கைடு எழுதுவாரு, சரி, மத்த ரெண்டு பேரு யாரு? "நல்ல பையன், கிளாஸ்ல ஃபர்ஸ்ட்"னு எழுதற ஆள் கணக்குல வராது. உங்க ரிசல்ட்ட படிச்சு, அது ஏன் முக்கியம்னு தன் வார்த்தைல சொல்லக்கூடிய ஆள் வேணும்.

மூணாவது, யாரோட கேள்விக்கு நீங்க பதில் தேடப்போறீங்க, உங்களோடதா, பாஸோடதா? நாலாவது, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு அடுத்த வேலைக்குப் போறப்ப இந்த வேலை உங்க சிவில எப்படித் தெரியும்? இதை ஆரம்பத்துல யாருமே யோசிக்கறதில்ல, நானும் யோசிக்கல, அதுல பட்டதைக் கீழ சொல்றேன்.

சம்பளத்தை ஏன் சேக்கலைன்னா, நாட்டுக்கு நாடு அது மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஆஃபர் கைக்கு வந்தப்புறம் பாத்துக்கலாம்.

வழி 1: போர்ட்டல்ல அப்ளை பண்றது

கணக்குக்கு மொதல் எடம் மேத்ஜாப்ஸ்ங்கற வேலை வெப்சைட். அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் சொசைட்டி நடத்துது, அமெரிக்க டிபார்ட்மென்ட் பெரும்பாலும் அங்கதான் போடும், மத்த நாட்டு எடங்களும் வரும். ஐரோப்பாவுக்கு யூராக்ஸெஸ், இது ஐரோப்பிய கமிஷனோடது, எல்லா துறையும் கலந்து கிடக்கும், ஃபில்டர் போட்டுத் தேடலன்னா காணாமப் போயிடுவீங்க. பிரிட்டனுக்கு ஜாப்ஸ் டாட் ஏசி டாட் யூகே. ஸ்டாட்டிஸ்டிக்ஸ்காரங்க அவங்க சங்கங்களோட வேலைப் பக்கங்களையும் பாக்கணும், அங்க வர்ற எல்லாமே மேத்ஜாப்ஸ்ல வராது.

அமெரிக்க சுத்து இப்படி: செப்டம்பர்ல இருந்து விளம்பரம், அக்டோபர் நடுவுல இருந்து டிசம்பருக்குள்ள டெட்லைன், ஜனவரி, பிப்ரவரில ஆஃபர், ஆகஸ்ட் இல்ல செப்டம்பர்ல சேரணும். அந்த மூணு மாச ஜன்னலை விட்டா அடுத்த வருஷம்தான். வழக்கமா கேக்கறது சிவி, ரிசர்ச் ஸ்டேட்மென்ட், டீச்சிங் ஸ்டேட்மென்ட், ஆராய்ச்சி பத்தி மூணு லெட்டர், பாடம் நடத்தறது பத்தி ஒரு லெட்டர்.

இதுல பெரிய சௌகரியம், லெட்டர் எழுதறவரு ஒரு தடவை ஏத்திட்டா போதும், நீங்க அம்பது எடத்துக்கு அதையே அனுப்பலாம், அவர தொந்தரவு பண்ணவே வேண்டாம். பெரிய ஆபத்தும் அதேதான். கிளிக் பண்றது சுலபமா இருக்கறதால எல்லாரும் எல்லா எடத்துக்கும் போடுவாங்க, ஒரு எடத்துக்கு நூத்துக்கணக்குல வந்து குவியும்.

ஒரு தடவை ஆள் எடுக்கற கமிட்டில உக்காந்து படிச்சிருக்கேன். ஒரு ஃபைலுக்கு எனக்கு மொத சுத்துல கெடைச்சது நாலஞ்சு நிமிஷம். கவர் லெட்டர்ல நம்ம டிபார்ட்மென்ட்ல யாரோட வேலை செய்யலாம்னு பேர் சொல்லி எழுதியிருக்கா, ரிசர்ச் ஸ்டேட்மென்ட்டோட மொத பக்கம் புரியுதா, லெட்டர் எழுதினது யாரு, இவ்ளோதான் பாத்தேன். பத்தாவது பக்கத்துல இருந்த அழகான லெம்மாவ (துணைத் தேற்றத்த) யாரும் பாக்கல, பாவம்.

மறைஞ்சிருக்கற செலவு என்னன்னா, அமெரிக்கக் கணக்கு போஸ்ட்டாக் நெறைய எடத்துல பாதி வாத்தியார் வேலை. வருஷத்துக்கு மூணு நாலு கோர்ஸ் எடுக்கச் சொன்னா மொத செமஸ்டர்ல ஆராய்ச்சி படுத்துடும். விளம்பரத்துல டீச்சிங் லோட் போடலைன்னா இன்டர்வியூல வெக்கப்படாம கேளுங்க. இன்னொரு செலவு மனசுக்கு: போட்டதெல்லாம் கிணத்துல போட்ட கல்லு மாதிரி கிடக்கும். ஒரு எடம் எனக்கு ரிஜெக்ட் மெயில் அனுப்பினப்ப நான் வேற வேலைல சேந்து பத்து மாசம் ஆயிருந்துச்சு!

யாருக்கு இது சரி? மூணு நல்ல லெட்டர் ரெடியா இருக்கு, பாடம் நடத்தப் பிடிக்கும், அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் தாக்குப் பிடிக்க வழி இருக்குன்னா கண்ணை மூடிட்டு இதுல எறங்கலாம்.

வழி 2: ப்ரொஃபசருக்கு நேரா எழுதறது

நிறைய பேர் இதைச் சிபாரிசு புடிக்கற வேலைன்னு நெனச்சுக் கூச்சப்படறாங்க. அப்படி இல்லைங்க. கிராண்ட், அதாவது ஆராய்ச்சிக்கான நிதி வாங்கினவருக்கு ஆள் எடுக்கணும்னு கட்டாயம் இருக்கு, சரியான ஆள் கெடைக்கலைன்னா ப்ராஜெக்ட் நகராது, தலைவலி அவருக்குத்தான். நீங்க சரியான நேரத்துல போனா அவருக்கே நிம்மதி.

அப்ப கேள்வி, யாருகிட்ட இப்ப காசு இருக்கு? இது ரகசியமே இல்ல, எல்லாம் பொதுவுல கிடக்கு. ஐரோப்பிய ரிசர்ச் கவுன்சில் ஸ்டார்டிங் கிராண்ட் முடிவை வழக்கமா செப்டம்பர்ல சொல்லும், அதோட மத்த கிராண்ட் வகைல கன்சாலிடேட்டர் முடிவு டிசம்பர் வாக்குல, அட்வான்ஸ்டு ஜூன் வாக்குல. ஸ்டார்டிங் கிராண்ட்னா அஞ்சு வருஷத்துக்கு 15 லட்சம் யூரோ வரைக்கும், அதுல பெரும்பகுதி பிஹெச்டி, போஸ்ட்டாக் சம்பளத்துக்குத்தான் போகும். கிராண்ட் தேட டேட்டாபேஸ் இருக்கு: ஐரோப்பிய ப்ராஜெக்ட்டுகளுக்கு கார்டிஸ், ஜெர்மனிக்கு கெப்ரிஸ், பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச், அமெரிக்காவுக்கு என்எஸ்எஃப் (நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷன்) அவார்ட் சர்ச், இதுல எதுலயும் "டோபலாஜிக்கல் டேட்டா அனாலிசிஸ்", "ஆப்டிமல் டிரான்ஸ்போர்ட்"னு தட்டினா யாரு, எப்ப ஆரம்பிச்சாங்க, எப்ப முடியுதுன்னு வந்துடும். ஆரம்பிச்சு ஒரு வருஷத்துக்குள்ள இருக்கற ப்ராஜெக்ட்தான் உங்க இலக்கு. முடிய எட்டு மாசம் இருக்கறவருகிட்ட எழுதினா அவரு பாவம் என்ன பண்ணுவாரு.

மெயில் எப்படி எழுதறதுன்னு கேக்கறாங்க. எனக்கு வர்றதுல பத்துக்கு ஒம்போது இப்படி ஆரம்பிக்கும்: "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் புகழ்பெற்ற ஆராய்ச்சியால் கவரப்பட்டு…" ரெண்டாவது வரி படிக்காமயே டெலீட். ஒண்ணு மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கு: "உங்க பேப்பர்ல மூணாவது செக்‌ஷன்ல சாம்பிள் சைஸ் பெருசாகறப்ப மட்டும்தான் பவுண்ட் நிக்குது. சின்ன சாம்பிள்ல என்ன ஆகுதுன்னு சிமுலேட் பண்ணிப் பாத்தேன், படம் இணைச்சிருக்கேன். நவம்பர்ல சப்மிட் பண்றேன், அடுத்த வருஷம் எடம் வருமா?" அவ்ளோதான், ஏழெட்டு வரி, ஒரு படம், சிவி. படத்துல ஒரு ஆக்ஸிஸ் லேபிளே தப்பு, ஆனாலும் அன்னிக்கே பதில் போட்டேன். ஒரு வாரத்துக்கு அம்பது மெயில் அனுப்பறதுக்குப் பதிலா மூணு மெயில் இந்த மாதிரி அனுப்புங்க. பதில் வரலைன்னா ரெண்டு வாரம் கழிச்சு ஒரு நினைவூட்டல், அதுக்கு மேல வேண்டாம்.

ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, அவரு ஓகே சொன்னாலும் நெறைய யுனிவர்சிட்டில முறைப்படி விளம்பரம் போட்டே ஆகணும். ரெண்டு வாரம் மட்டும் தெறந்திருக்கற, ரொம்ப குறிப்பா தேவை எழுதின விளம்பரம் பாத்தா, ஏற்கனவே யாரோ மனசுல இருக்கலாம்னு புரிஞ்சுக்கங்க. போர்ட்டல்காரங்க நொந்து போற எடம் இதுதான். "எல்லாத் தகுதியும் எனக்கு இருந்துச்சே"ம்பாங்க, இருந்திருக்கும், ஆனா இன்னொருத்தர் ஆறு மாசம் முன்னாடியே பேசியிருப்பாரு.

செலவு? கேள்வி அவரோடது. கிராண்ட் ப்ரொபோசல்ல எழுதினதைத்தான் நீங்க செய்யணும், உங்க டோபாலஜி ஐடியா சனி ஞாயிறுக்குத்தான். காண்ட்ராக்ட் ஒரு வருஷம் போட்டு "நீட்டிச்சுக்கலாம்"னு சொல்லுவாங்க, அந்த வார்த்தைய மட்டும் மெயில்ல எழுத்துல வாங்குங்க. ஜெர்மனி போறவங்க கவனிக்க வேண்டியது, அங்க யுனிவர்சிட்டில தற்காலிக வேலைக்குச் சட்டப்படி உச்சவரம்பு இருக்கு, பொதுவா பிஹெச்டிக்கு முன்னாடி ஆறு வருஷம், பின்னாடி ஆறு வருஷம், குழந்தை இருந்தா கொஞ்சம் கூடும். அதுக்கு மேல அந்த வகைல காண்ட்ராக்ட் போட முடியாது, அதனால அங்க சும்மா ஒரு வருஷம் ஓட்டுவோம்னு சேந்தாலும் கடிகாரம் ஓடிட்டுதான் இருக்கும். இன்னொரு செலவு, பாஸ் எப்படிப்பட்ட ஆள்ங்கறது. போர்ட்டல்ல டிபார்ட்மென்ட் எடுக்குது, ஒருத்தர் சரியில்லன்னா இன்னொருத்தரோட ஒட்டிக்கலாம். இங்க அவரு ஒருத்தர்தான். ஆஃபருக்கு சரி சொல்றதுக்கு முன்னாடி அவருகிட்ட முன்னாடி இருந்த போஸ்ட்டாக் ரெண்டு பேருகிட்ட பேசிடுங்க, அவங்க பதில் சொல்ல எவ்ளோ நேரம் யோசிக்கறாங்கன்னு பாத்தாலே பாதி தெரிஞ்சிடும்.

வழி 3: சொந்தமா ஃபெல்லோஷிப் எழுதறது

ஃபெல்லோஷிப்னா உங்க திட்டத்துக்கு உங்க பேர்லயே வர்ற நிதி. பேர் இருக்கு, சுதந்திரம் இருக்கு, உங்க கேள்வி உங்களோடது. சிவில இதைவிட நல்லா தெரியறது வேற எதுவும் இல்ல. ஆனா எண்ணைப் பாருங்க: ஐரோப்பாவோட மேரி கியூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு 2024ல 10,360 விண்ணப்பம் வந்து 1,696 பேருக்குக் கெடைச்சுது. 2025ல விண்ணப்பம் 17,058 ஆயிடுச்சு, பட்ஜெட் அந்த அளவுக்கு ஏறல, மிச்சத்தை நீங்களே வகுத்துக்கங்க, கணக்கு படிச்சவங்கதானே.

விதிகளை மொதல்ல படிங்க, எழுதினதுக்கு அப்புறம் இல்ல. மேரி கியூரிக்கு டெட்லைன் அன்னிக்கு பிஹெச்டி முடிஞ்சிருக்கணும், முடிஞ்சு எட்டு வருஷத்துக்கு மேல ஆராய்ச்சி அனுபவம் இருக்கக்கூடாது, போகப்போற நாட்டுல கடைசி 36 மாசத்துல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக்கூடாது. இந்தக் கடைசி விதிலதான் ஆளுங்க மாட்டறாங்க. ஜெர்மனில பிஹெச்டி பண்ணிட்டு அங்கயே தொடரலாம்னா நடக்காது. ஜெர்மனிக்கு வெளியில இருந்து போறவங்களுக்கு ஹம்போல்ட் இருக்கு, போஸ்ட்டாக் வகைக்கு பிஹெச்டி முடிச்சு நாலு வருஷத்துக்குள்ள, அங்க ஒரு ஹோஸ்ட் (உங்களை ஏத்துக்கற ப்ரொஃபசர்) சம்மதிக்கணும். அமெரிக்காவோட என்எஸ்எஃப் கணக்கு போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்பு உள்ளவங்களுக்கும்தான், மத்தவங்க அதைப் பாத்து ஏங்க வேண்டாம்.

கணக்கு ஆளுங்க பண்ற ஒரு தப்பு சொல்றேன். மேரி கியூரி ப்ரொபோசல் பத்து பக்கம், மார்க் பிரிக்கறது அறிவியல் தரத்துக்கு 50 சதவீதம், தாக்கத்துக்கு 30, செயல்படுத்தறதுக்கு 20. நம்ம ஆளுங்க எட்டு பக்கம் தியரம் எழுதிட்டு மிச்சத்துல தாக்கத்த நாலு வரில முடிச்சிடுவாங்க. நானும் மொத தடவ அப்படித்தான், தியரம் பகுதிக்கு நல்ல மார்க், "பயிற்சித் திட்டம் தெளிவா இல்ல"ன்னு அடிச்சிட்டாங்க. கோபம் வந்துச்சு, ஆனா அவங்க சொன்னது சரி.

செலவு ரெண்டு மாச எழுத்து, அஞ்சு மாசக் காத்திருப்பு, ஹோஸ்ட்டோட நேரம். அதோட இதை மட்டும் நம்பி மத்த கதவையெல்லாம் சாத்தறவங்க இருக்காங்க பாருங்க, அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான். ஆனா ஒரு மறைமுக லாபம் உண்டு, கெடைக்கலைன்னாலும் அந்த ப்ரொபோசல் அடுத்த ரிசர்ச் ஸ்டேட்மென்ட்டா மாறும், ஹோஸ்ட்டும் உங்களைத் தெரிஞ்சுக்குவாரு. வேற கிராண்ட்ல அவரு உங்களை எடுத்துக்கிட்டா ஆச்சரியமே இல்ல.

ஏற்கனவே ஒரு போஸ்ட்டாக்ல இருந்துட்டு ரெண்டாவதுக்குப் பாக்கறவங்களுக்குத்தான் இது ரொம்பப் பொருந்தும். சம்பளம் வந்துட்டு இருக்கறப்ப லாட்டரி வாங்கலாம், இல்லாதப்ப வேண்டாம்.

வழி 4: லேப்ல, வேற டிபார்ட்மென்ட்ல டேட்டா வேலை

மருத்துவம், ஜெனோமிக்ஸ், சூழலியல், சமூகவியல், எல்லா எடத்துலயும் டேட்டா குவிஞ்சு கிடக்கு, அலச ஆள் இல்ல. "ரிசர்ச் அனலிஸ்ட்", "பயோஸ்டாட்டிஸ்டிஷியன்", "ரிசர்ச் சாஃப்ட்வேர் இன்ஜினியர்"னு பல பேர்ல வரும். கடைசி பேரே 2012ல பிரிட்டன்ல ஒரு கூட்டத்துல பேசிப் பேசி உருவானதுதான், அதுக்கு முன்னாடி இந்த வேலைய செஞ்சவங்களுக்குப் பேரே கிடையாது. வருஷம் பூரா விளம்பரம் வரும், மூணு நாலு பக்க லெட்டர் கேக்கறது குறைவு, ரெண்டு பேரோட பேரும் நம்பரும் குடுத்தா கூப்பிட்டுப் பேசிப்பாங்க, ரெண்டு மாசத்துல சேந்துடலாம்.

வேலை எப்படி இருக்கும்னா, என்னோட மொத வாரம் இது: நோயாளிகள் டேட்டா, வயசு போடற கட்டத்துல பன்னெண்டு பேருக்கு 999. காணாத மதிப்புக்கு யாரோ அப்படிப் போட்டுட்டாங்க, சராசரி எடுத்தா எல்லாருக்கும் வயசு எகிறுது. தேதி பாதி நாள்-மாசம், பாதி மாசம்-நாள், மூணாந்தேதி நாலாம் மாசமா, நாலாந்தேதி மூணாம் மாசமான்னு நர்ஸ் ரெஜிஸ்டரோட ஒப்பிட்டு உக்காந்திருந்தேன். மொத தியரம் நிரூபிச்ச சந்தோஷம் இதுல வராது, வேற ஒரு சந்தோஷம் வரும், அது எல்லாருக்கும் ஒத்துக்காது.

இப்ப மேல சொன்ன அந்த "பட்டது". கணக்குல கூட்டுப் பேப்பர்ல பேரெல்லாம் அகர வரிசைலதான் போடுவோம், யாரு மொதல்ல வர்றாங்கங்கறதுக்கு அர்த்தமே கிடையாது. உயிரியல், மருத்துவத்துல மொத பேரு வேலை செஞ்சவரு, கடைசி பேரு லேப் தலைவரு, நடுவுல இருக்கறவங்க உதவி செஞ்சவங்க. நான் மூணு வருஷத்துல ஆறு பேப்பர்ல நடுவுல இருந்தேன், அனாலிசிஸ் முழுக்க என்னோடது. திரும்ப கணக்கு டிபார்ட்மென்ட்டுக்குப் போட்டப்ப அவங்க "உங்க சொந்த வேலை எது"ன்னு கேட்டாங்க, உயிரியல்காரங்க "மொத பேரா ஒண்ணும் இல்லையே"ன்னாங்க. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால். சேர்றதுக்கு முன்னாடியே கேக்க வேண்டிய கேள்வி ரெண்டு: அனாலிசிஸ் முறை பேப்பர்ல நான் மொத பேரா வரலாமா, வாரத்துல ஒரு நாள் என் சொந்த வேலைக்குத் தருவீங்களா? ரெண்டுக்கும் மழுப்பினா யோசிங்க.

சீக்கிரம் சம்பளம் வேணும், விசா முடியப்போகுது, மூணாவது லெட்டருக்கு ஆள் இல்ல, இல்ல உண்மையிலேயே மத்தவங்க கேள்வில மூழ்கப் பிடிக்கும்னா இது நல்ல வழி. திரும்ப ப்யூர் மேத்ஸுக்கு வரலாம்னு மனசுல இருந்தா ஒண்ணரை வருஷத்துக்கு மேல தங்காதீங்க. இது என் கருத்து, வேற மாதிரி வந்தவங்களும் இருக்காங்க.

ஒரே பார்வைல

| | எப்ப ஆரம்பிக்கணும் | லெட்டர் | யாரு கேள்வி | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| போர்ட்டல் | சேர்றதுக்கு 10-12 மாசம் முன்ன | மூணு, நாலு | உங்களோடது | பாடம் நடத்தற சுமை, மௌனம் |
| நேரா மெயில் | கிராண்ட் வந்த உடனே | ஒண்ணு, ரெண்டு | பாஸோடது | ஒரே ஆளை நம்பணும் |
| ஃபெல்லோஷிப் | ஒரு வருஷம் முன்ன | திட்டத்துக்குத் திட்டம் மாறும், ஹோஸ்ட் கட்டாயம் | உங்களோடது | ரெண்டு மாச எழுத்து, விதிகள் |
| லேப் வேலை | 2 மாசம் முன்ன | பேரும் நம்பரும் | அவங்களோடது | சிவில நடுப்பேரு |

ஒரு விஷயம் எல்லாத்துக்கும் பொது. கணக்குப் பேப்பர் ரிவ்யூ முடிய ஒரு வருஷம் ஆறது சகஜம், அதனால "ஆக்செப்ட் ஆனதும் அப்ளை பண்றேன்"னு இருந்தா அலை ஓய்ஞ்சு குளிச்ச மாதிரிதான். ரிவ்யூவுக்கு முன்னாடியே பேப்பரைப் பொதுவுல போடற ஆர்க்கைவ் வெப்சைட்ல போட்டுட்டு அதையே சிவில காட்டுங்க, கணக்குல யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

அந்த ஏப்ரல் ஆளுக்கு

நவம்பர்ல சப்மிட்னா செப்டம்பர் மேரி கியூரிக்கு இந்த வருஷம் தகுதியே இல்ல, அதைப் பத்தி இப்ப யோசிக்க வேண்டாம். மேத்ஜாப்ஸ் இந்தச் செப்டம்பர்ல தெறக்கும், போடுங்க, ஆனா அது அடுத்த ஆகஸ்ட் வேலை. நவம்பருக்கும் ஆகஸ்ட்டுக்கும் நடுவுல ஒம்போது மாசம் ஓட்டை. அந்த ஓட்டைய அடைக்க நேரா மெயில் வழிதான் மொதல்ல, ஜூன்ல அட்வான்ஸ்டு லிஸ்ட்டும் செப்டம்பர்ல ஸ்டார்டிங் லிஸ்ட்டும் வர்றப்ப டோபாலஜியும் டேட்டாவும் சேந்த பேருங்களை எடுத்து வைங்க. ஆகஸ்ட் முடியறவரைக்கும் ஒண்ணும் அசையலைன்னா லேப் வேலைக்கும் போட ஆரம்பிங்க, அதுல அவமானம் ஒண்ணும் இல்ல.

ஆனா நீங்க மெயில்ல எழுதினதுல எனக்கு உறுத்தினது வேற. லெட்டருக்கு கைடையும் தீசிஸ் கமிட்டில ஒருத்தரையும் சொல்லியிருக்கீங்க, மூணாவது "பாக்கணும்"னு விட்டுட்டீங்க. டேட்டா பேப்பர்ல கூட வேலை செஞ்ச அந்த ஸ்டாட்டிஸ்டிக்ஸ்காரரு இருக்காரே, அவருக்கு இந்த வாரமே எழுதுங்க. இப்ப லெட்டர் கேக்காதீங்க. உங்க டிராஃப்ட்ட அனுப்பி, ரெண்டாவது செக்‌ஷன் சரியா இருக்கான்னு மட்டும் கேளுங்க. செப்டம்பர்ல லெட்டர் கேக்கறப்ப அவரு அதைப் படிச்சு முடிச்சிருப்பாரு.